கண்ணாடியா, துணியா, கண்ணா?

அந்த உயரமான கட்டடத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அவள் பளிச்சக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். வெளிப்பக்கக் கண்ணாடிகளைத் துடைப்பது அவள் வேலை. மொட்டைமாடியிலிருந்து இரண்டு இரும்புக் கயிறுகளில் தொங்குகிற நீளமான தொட்டி ஒன்று உண்டு. அதற்குள் இடுப்புப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்று, மேல் மாடியிலிருந்து துடைத்தபடியே தரைவரைக்கும் இறங்குவாள். அந்தத் தொட்டியை அங்கே எல்லோரும் தொட்டில் என்றுதான் சொல்வார்கள்.

"இந்த வயசுல தொட்டில்ல ஆடுறது ஊர்லயே நான் ஒருத்திதான்" என்பாள். சொல்லிவிட்டு முதல் ஆளாகச் சிரிப்பதும் அவள்தான்.

அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் அவளுக்குத் தெரியாது. யாராவது அவள் வேலையைப் பாராட்டினால் வெட்கப்பட மாட்டாள், கூச்சப்பட மாட்டாள். விட்டுப்போன பாராட்டை எடுத்துக் கொடுப்பாள். "நான் துடைச்ச கண்ணாடி அங்க இருக்கறதே தெரியாது. புறாவே ஏமாந்து வந்து மோதுது. மனுஷங்க எம்மாத்திரம்?"

வந்த புதிதில் அவள் கையில் இருந்தது மாப். கீழ்த்தளத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தொட்டிலில் போன ஆள் பாதி உயரத்தில் தலைசுற்றி, இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். இனிமேல் ஏணியில்கூட ஏற மாட்டேன் என்று பிள்ளைகள் மேல் ஆணையிட்டான். சூப்பர்வைசர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் ஏறிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஏறியவள்தான்.

அப்போது மொட்டைமாடியில் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச் எந்திரத்தை ஓட்டியவர் அவளுக்கு முகம் தெரியாதவர். தொட்டிலை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கையில். வாக்கி டாக்கியில் குரல் மட்டும் வரும். பெயர் சொன்னால் குழப்பம் வரும் என்று கம்பெனியில் ஒரு விதி. அதனால் அவர் 'மேலே', இவள் 'கீழே'. "மேலே, நிறுத்து." "கீழே, நிறுத்தியாச்சு." வாங்க போங்க என்பதற்கெல்லாம் வாக்கியில் நேரம் இல்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மேலிருந்து, "கீழே, சாப்டாச்சா?" என்று குரல் வந்தது. "மேலே, வேலையைப் பாரு" என்று இவள் வெட்டிவிட்டாள். கொஞ்ச நாள் அந்தக் கேள்வி வரவில்லை. வராதது உறுத்தியது. கடைசியில் இவளே, "மேலே, சாப்டாச்சா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை விரிக்க வேண்டாம். மகளுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது.

இன்றைக்கும் வின்ச் அவர் கையில்தான். வீட்டிலும் அதே பெயர்தான் நிலைத்துவிட்டது. மரியாதை மட்டும் கூடியது. "மேலே, தட்டு எடுத்து வைங்க" என்று அடுக்களையிலிருந்து அவள் குரல் கொடுப்பாள். "கீழே, வந்துட்டேன்" என்பார் அவர். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

அவளுடைய தொழில் ரகசியம் மூன்று விரலில் அடங்கிவிடும். துடைத்து முடித்த பிறகும் கோடோ நெளிவோ தெரிந்தால், ஒவ்வொரு விரலாக மடக்கிக் கேட்பாள்: கண்ணாடியா, துணியா, கண்ணா? சில கண்ணாடிகள் செய்யும்போதே லேசாக நெளிந்திருக்கும். அப்படியானால் பக்கத்துக் கண்ணாடியில் அந்த நெளிவு இருக்காது. துணியோ வைப்பரின் ரப்பரோ கெட்டிருந்தால் மாற்றியதும் கோடு போய்விடும். இரண்டும் இல்லையென்றால் கண்ணில் வேர்வையோ தூசியோ விழுந்திருக்கிறது. "மூணுல ஒண்ணு. நாலாவது கிடையாது" என்று புதிதாக வருகிறவர்களிடம் அடித்துச் சொல்வாள்.

கொஞ்ச காலமாக அந்த மூன்றாவது விரல்தான் அவளைக் குத்திக்கொண்டிருந்தது. தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. போனில் எழுத்தைப் படிக்கக் கையை எட்டுகிற மட்டும் நீட்ட வேண்டியிருந்தது. ஒரு தடவை அவள் விட்டுவிட்ட கோட்டை சூப்பர்வைசர் கண்டுபிடித்துக் காட்டினார். ரப்பர் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தாள். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. மகள் போன் பண்ணும்போதெல்லாம், "அம்மா, கண்ணு டெஸ்ட் பண்ணிட்டியா?" என்று கேட்பாள். இவள் உடனே பேரனைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அடுத்த வாரம் கம்பெனியில் உடல் பரிசோதனை. தொங்குகிறவர்கள், தூக்குகிறவர்கள், எல்லோரும் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் தொட்டிலிலிருந்து இறக்கி, பழையபடி மாப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தரை துடைப்பதில் அவளுக்குக் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் தரையில் நிற்கிறவளை 'கீழே' என்று கூப்பிட மேலிருந்து ஒரு குரல் வராது. அவளுக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். புருஷனிடம் அவள் மறைத்தது வாழ்க்கையில் இது ஒன்றைத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கிரகணம் வந்தது.

சாயங்காலக் கிரகணம். சூரியன் பாதிக்கு மேல் மறைந்த நிலையிலேயே கடலில் இறங்கப்போகிறது என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். கட்டடத்தின் மேல் மாடியில் ஒரு பெரிய ரெஸ்டாரண்ட் உண்டு. கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி. உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கிரகணம் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்து, ஒரு மேசை பாக்கியில்லாமல் ஆள் சேர்த்துவிட்டார் அதன் மேனேஜர். டையைத் தளர்த்தி யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு 'டை சார்' என்று பெயர். மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து விளக்கம் சொல்ல ஒரு கல்லூரி டீச்சரையும் வரவழைத்திருந்தார். எல்லாம் செய்தவருக்குக் காற்று மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காலையில் தொட்டிலை இறக்க முடியாதபடி அடித்துத் தள்ளி, மதியத்துக்கு மேல்தான் அடங்கியது. கடல் உப்பு கண்ணாடியில் சுண்ணாம்பு பூசிய மாதிரி படிந்துவிட்டது.

சாயங்கால வெயிலில் மேற்குப் பக்கத்தை யாரும் துடைக்க மாட்டார்கள். வழிப்பதற்குள் சோப்புத் தண்ணீர் காய்ந்து கோடு விழுந்துவிடும். டை சார் கெஞ்சாத குறையாக வந்து நின்றார்.

"அக்கா, உங்களை விட்டா இதுக்கு வேற ஆள் இல்ல."

"அது எனக்குத் தெரிஞ்ச விஷயம் சார். புதுசா ஏதாவது சொல்லுங்க."

"கிரகணம் பாக்குற கண்ணாடி உங்க ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு தர்றேன்."

"இது புதுசு" என்று சொல்லி, அந்த இரண்டு அட்டைக் கண்ணாடிகளையும் வாங்கிக்கொண்டாள்.

ரெஸ்டாரண்ட் கண்ணாடிகளை ஒரு கோடு விழாமல் முடித்துவிட்டு, அடுத்த மாடிக்கு இறங்கினாள். அதற்குள் வெளிச்சம் வேறு மாதிரி ஆகியிருந்தது. வழக்கமான சாயங்கால மஞ்சளைக் காணோம். எல்லாவற்றின் மேலும் ஈயம் பூசினது போல ஒரு மங்கல். சூரியன் கடலுக்குக் கிட்டே புழுதி மூட்டத்துக்குள் இறங்கி, முறைத்தாலும் கூசாத சிவப்பாகிவிட்டது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற அவளுக்கு, துடைக்கிற கண்ணாடியிலேயே அதன் பிம்பம் தெரிந்தது.

தெரிந்தது சரியில்லை. நிலா கடித்த மிச்சம், இரண்டு முனையும் மேலே பார்க்க, அரிவாள் போல வழவழவென்று இருக்க வேண்டும். டிவியில் அப்படித்தான் படம் போட்டிருந்தார்கள். இதுவோ ஓரமெல்லாம் படிப்படியாக, மொட்டைக் கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி இருந்தது. அடிப்பக்கம் நசுங்கிச் சப்பையாகிவிட்டது. வலது முனை ஒடிந்து தனியாக மிதந்தது.

முதல் விரலை மடக்கினாள். கண்ணாடி நெளிசலாக இருக்கும் என்று பக்கத்துக் கண்ணாடிக்கு நகர்ந்தாள். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. இரண்டாவது விரல். புது ரப்பரை மாட்டி வழித்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். சூரியன் ஒட்டிக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு இடது முனையும் ஒடிகிற மாதிரி கழுத்து மெலிந்தது.

கடைசியில் அட்டைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடல் பக்கம் திரும்பி நேராகவே பார்த்தாள். அணையப்போகிற கரி போல மங்கலாகத் தெரிந்தது. ஆனால் உடைசல் உடைசல்தான். கழற்றி, கண்ணைத் தோளில் தேய்த்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். மாற்றமில்லை.

மூன்றாவது விரல் தானாகவே மடங்கியது. இருந்தாலும் ஒரு ஆளிடம் கேட்டுவிட்டால் தெரிந்துபோகும். வாக்கியை எடுத்தாள்.

"மேலே."

"சொல்லு கீழே."

"கிரகணம் பாத்தியா?"

"பாத்துகிட்டுதான் இருக்கேன்."

"எப்படி இருக்கு?"

மேலே பொத்தானை அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்குகிற சத்தம் கேட்டது. "நல்லா இருக்கு. அரிவாள் மாதிரி. அழகா, சுத்தமா."

"உடைசல் கிடைசல் ஒண்ணும் தெரியலையே?"

"உடைசலா? அதெல்லாம் ஒண்ணும் இல்லையே. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

தொட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அழுகை வந்தது, வந்ததை விழுங்கினாள். ஆனால் அவள் அப்படியே உட்கார்ந்துவிடுகிற ரகம் இல்லை. கம்பெனிக்காரன் பலகையைக் காட்டி, தெரியவில்லையா என்று கேட்டு, தலையை ஆட்டி எழுதிக்கொள்கிறவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஏறும்போது யாரும் ஏற்றிவிடவில்லை. இறங்குவதென்றாலும் தானாகத்தான் இறங்குவாள். மேலே போனதும் முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் வாக்கியை எடுத்தாள்.

"மேலே, தூக்கு."

"இன்னும் ரெண்டு கண்ணாடி பாக்கி இருக்கே?"

"தூக்குன்னு சொன்னேன்."

தொட்டில் ரெஸ்டாரண்டைத் தாண்டி ஏறியபோது உள்ளே ஒரே அமளி. பாதிப் பேர் எழுந்து கண்ணாடியருகே வந்து, கையை நீட்டி நீட்டி எதையோ காட்டினார்கள். ஒருவர் கைக்குட்டையால் கண்ணாடியை உள்பக்கமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோடு விட்டிருக்கிறேன் போல, அதுவும் தெரியவில்லை பார் என்று இவள் இன்னும் நொந்துபோனாள்.

மொட்டைமாடியில் காலை வைப்பதற்குள் படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு டை சார் ஓடிவந்தார். டை தோளுக்குப் பின்னால் கிடந்தது.

"என்னக்கா துடைச்சீங்க? மானத்தை வாங்கிட்டீங்களே! கண்ணாடி பூரா நெளியுது!"

"நெளியுதா?"

"சூரியன் துண்டு துண்டாத் தெரியுதுன்னு ஒரு டேபிள் விடாம கத்துறாங்க!"

பளிச்சக்கா அவரையே பார்த்தாள். "சார், இன்னொரு தடவை சொல்லுங்க. துண்டு துண்டாவா?"

"ஆமா!"

"ஓரமெல்லாம் படிப்படியா? ஒரு பக்க முனை தனியா ஒடிஞ்சு?"

"அதான் சொல்றேனே! எல்லாம் நீங்க பண்ணின கோளாறு!"

"எல்லாருக்குமே அப்படித்தான் தெரியுதா? ஒருத்தர் பாக்கியில்லாம?"

"எல்லாருக்கும்தான்!"

அவள் வயிற்றில் பாலை வார்த்தது அந்தப் புகார். இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு மோசமாகச் சொன்னதில்லை. இவ்வளவு சந்தோஷத்தை அவளுக்கு யாரும் கொடுத்ததும் இல்லை. டை சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க நூறு வயசு நல்லா இருக்கணும்" என்றாள். திட்ட வந்தவர் மேற்கொண்டு என்ன திட்டுவது என்று தெரியாமல் விழித்தார்.

மொட்டைமாடியின் அந்தக் கோடியில் தொலைநோக்கியோடு நின்ற டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார். "சார், கண்ணாடி மேல பழி போடாதீங்க. இங்க நமக்கும் சூரியனுக்கும் நடுவுல ஜன்னலே இல்ல. அட்டைக் கண்ணாடியைப் போட்டு நீங்களே பாருங்க."

டை சார் பார்த்தார். பார்த்தபடியே டையை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டார். "இங்கயும் உடைஞ்சுதான் இருக்கு."

"உடைச்சது காத்து" என்றார் டீச்சர். "கடலை ஒட்டினாப்ல குளிர்ந்த காத்து, அதுக்கு மேல சூடான காத்துன்னு அடுக்கடுக்காக் கிடக்கு. ஒவ்வொரு அடுக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சம் வளைக்குது. சூரியன் உச்சியில இருந்தா நடுவுல காத்து கொஞ்சம்தான். இப்படி அடிவானத்துக்குப் போயிட்டா, வெளிச்சம் காத்துக்குள்ளயே ரொம்ப தூரம் வர வேண்டியிருக்கு. அதனாலதான் சிவக்குது, நசுங்குது, துண்டாகுது. இன்னைக்கு மதியமா இருக்கிற ஊர்ல யாராவது இதே கிரகணத்தைப் பாத்திருந்தா, கத்தியால வெட்டின மாதிரி சுத்தமாத் தெரிஞ்சிருக்கும்."

பளிச்சக்கா யோசித்தாள். "அப்ப காத்தும் ஒரு கண்ணாடிதான்."

"நெளிஞ்ச பழைய கண்ணாடி."

"அதை யாரு துடைக்கிறது?"

"மழை வந்தா தூசியை மட்டும் கொஞ்சம் துடைக்கும். நெளிவை யாராலயும் எடுக்க முடியாதுக்கா."

"அப்ப நம்ம கண்ணாடியில குறை ஒண்ணும் இல்லையா?" என்று டை சார் இழுத்தார்.

"சார்" என்றாள் பளிச்சக்கா. பழைய குரல் முழுசாகத் திரும்பியிருந்தது. "நான் நல்லாத் துடைச்சதாலதான் உடைசல் இவ்வளவு தெளிவாத் தெரியுது. அழுக்குக் கண்ணாடியா இருந்தா இதையெல்லாம் பாத்திருப்பீங்களா? போய் அவங்ககிட்ட சொல்லுங்க, இந்தக் காட்சி எல்லா நாளும் கிடைக்காதுன்னு."

டை சார் அதை அப்படியே சொல்வதற்கு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். டீச்சர் தொலைநோக்கிப் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் பளிச்சக்காவுக்கு உறைத்தது. எல்லோருக்கும் உடைந்து தெரிந்தது. ஜன்னலே இல்லாத மொட்டைமாடியில் நின்று பார்த்த ஒரு ஆளுக்கு மட்டும் எப்படி அரிவாள் மாதிரி, அழகாக, சுத்தமாகத் தெரிந்தது?

வின்ச் அருகே போனாள். அவர் ஒன்றும் தெரியாதவர் போல, ஏற்கெனவே இறுக்கியிருந்த போல்ட்டை ஸ்பேனரால் இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அரிவாள் மாதிரியா தெரிஞ்சுது உங்களுக்கு?"

அவர் ஸ்பேனரை இன்னொரு சுற்று திருப்பினார்.

"என்னைப் பாத்து சொல்லுங்க."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எனக்கும் உடைஞ்சுதான் தெரிஞ்சுது. காத்துன்னு எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுல புரை விழுந்துடுச்சுன்னு நினைச்சேன். கொஞ்ச நாளாவே ராத்திரி விளக்கெல்லாம் கலங்கலாத்தான் தெரியுது."

"யோவ்!" மரியாதை பறந்துவிட்டது. "கண்ணு தெரியலைன்னு நினைச்சுகிட்டா என்னைக் கயித்துல தொங்க விட்ட?"

"நீ மட்டும்? உடைசல் இருக்கான்னு எதுக்குக் கேட்ட? கண்ணு தெரியலைன்னு நினைச்சுகிட்டுதானே தொங்கின?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள், குரல் இறங்கி.

"சொன்னா டெஸ்ட்டுக்கு முன்னாடியே என்னை மாத்திடுவாங்க. உன் கயித்தை வேற ஒருத்தன் கையில எப்படிக் குடுக்கிறது?"

வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கிறவள் அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் காலையில் முதல் வேலை இரண்டு பேரும் கண் டாக்டரிடம் போவது என்று மட்டும் சொன்னாள். போனார்கள். இரண்டு பேருக்கும் மூக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார் டாக்டர். புரை விழவில்லை, வயசுதான் விழுந்திருந்தது. கம்பெனிப் பரிசோதனையில் அவள் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டு, அடியில் அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தாள். போதும் என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். அவரும் தேறிவிட்டார். இப்போதும் மூக்குக் கண்ணாடியை நாடா போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு தொட்டிலில் இறங்குகிறாள். புதிதாக வருகிறவர்களுக்கு நாலு விரலை மடக்கிக் காட்டுகிறாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் சூரியன் இன்னும் முழுசாகப் போகவில்லை. டீச்சர் அந்தக் கோடியிலிருந்து கூவினார்: "வாங்க, வாங்க! கடைசி நேரம்! நிஜ சூரியன் இந்நேரம் இறங்கியாச்சு. காத்துதான் வளைச்சு மேலே தூக்கிக் காட்டிகிட்டு இருக்கு!"

"நம்ம வேலைதான்" என்றார் அவர், வின்ச்சைத் தட்டிக்கொடுத்து.

இருவரும் சுவரோரம் போய் அட்டைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நடுப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. இரண்டு முனைகள் மட்டும் தண்ணீர் மேல் தள்ளித் தள்ளி நின்று, சிவந்து நடுங்கின. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் பேச அவள் வாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"மேலே."

பக்கத்தில் நின்றவர் தன்னுடையதை எடுத்தார். "சொல்லு கீழே."

"என்ன தெரியுது? உள்ளதை உள்ளபடி சொல்லு."

"ரெண்டு துண்டாத் தெரியுது."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றாள்.